தாய்வீட்டு ஸ்வெட்டர்

ஒரகடம் ரோட்டுல உல்லன் நூல் கடை வச்சிருக்கேன்னு சொன்னா மொதல்ல சிரிப்பாங்க. அப்புறம் கேப்பாங்க, "இந்த வெயில்ல யாரும்மா ஸ்வெட்டர் போடுவா?" கடை தொறந்த நாள்லேர்ந்து இதே கேள்விதான். வழி கேக்க நிறுத்துன லாரி டிரைவர் கேட்டாரு. பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டாரு. கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரு மீட்டரப் பாக்காம நூலப் பாத்துக் கேட்டாரு. கட்டட ஓனர் மட்டும் கேக்கல, யோசனை சொன்னாரு. மொபைல் கவர் கடை போடு, பிச்சுக்கினு போவும்னாரு. "சார், வாடகை ஒழுங்கா வருதில்ல? அப்போ நான் நூல் விக்கிறேனா நூலாம்படை விக்கிறேனாங்கிறது என் பாடு"ன்னேன். அதுக்கப்புறம் அவரு யோசனை சொல்றதில்ல.

வெயிலெல்லாம் ரோட்டுலதாங்க. கம்பெனிக்குள்ள போய் ஒரு ஷிஃப்ட் நின்னு பாத்துட்டு வந்து பேசுங்க. மெஷின் சூடாவக் கூடாதுன்னு ஏசிய அப்படி வச்சிருப்பாங்க. மெஷினுக்கு இதமா இருக்கும், நிக்கிற பொண்ணுக்கு வெரல் மரத்துப் போவும். ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸுலேர்ந்து எறங்குற பொண்ணு ஒண்ணு நேரா என் கடைக்குள்ள வந்து ஒரு நூல்கண்ட ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினு நிக்கும். வாங்காது, சும்மா புடிச்சுக்கினு நிக்கும். நிக்கட்டும். நூலு ஒண்ணும் தேஞ்சு போவாது.

என் கடைக்கு வர்றதுல பாதிப் பேரு இந்தப் பொண்ணுங்கதான். தூத்துக்குடி, கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துலேர்ந்து வந்து ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்குறவங்க. லீவு நாள்ல வந்து கடைக்குள்ள போட்டிருக்கிற பெஞ்சுல உக்காந்து பின்னுவாங்க. போன் போடுற பை, வாசலுக்குத் தோரணம், ஊர்ல அக்கா புள்ளைக்குத் தொப்பி. நூல் வாங்காத நாள்லயும் உக்காருவாங்க. "கடைய சத்திரமா ஆக்கிட்டியே"ன்னு ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு நாள் நக்கலடிச்சாரு. ஆக்கிட்டேன், இப்போ இன்னா? இந்த ரோட்டுல கம்பெனி கட்டுனாங்க, பாலம் கட்டுனாங்க, ஏரி ஓரம் வரைக்கும் பிளாட் போட்டு வித்தாங்க. சம்பாதிக்கிற பொம்பளப் புள்ள லீவு நாள்ல நிம்மதியா உக்கார ஒரு எடம் கட்டுனாங்களா? டீக்கடையில உக்காந்தா மொறச்சுப் பாக்குறாங்க, பஸ் ஸ்டாப்புல உக்காந்தா வண்டிய ஸ்லோ பண்றாங்க. அதான் பெஞ்ச் போட்டேன். இன்னொண்ணும் போடுவேன்.

ஹாஸ்டல் வார்டனம்மாவுக்கு எங்க ஊசியக் கண்டா ஆவாது. கூர்மையான சாமானாம், உள்ள கொண்டாரக் கூடாதாம். அங்க இருக்கிற சோத்த முழுங்குறதுக்கே தைரியம் வேணும், ஸ்வெட்டர் ஊசியால இன்னா ஆபத்து வந்துடப் போவுதுன்னு எனக்குப் புரியல. சரி, இரும்பு ஊசி கம்பெனி கேட்டுல மெட்டல் டிடெக்டர்ல கத்தும், மூங்கில் ஊசி கத்தாதுன்னு அலைஞ்சு திரிஞ்சு மூங்கில் ஊசி வாங்கியாந்தேன். அதையும் பையில பாத்தா வார்டனம்மா புடுங்குறாங்க. ஒருத்திக்கு இடுப்பு தாண்டி முடி. அவ அத்தனையையும் சுருட்டிக் கொண்டை போட்டு, ரெண்டு ஊசியையும் குறுக்கால சொருகிக்கினு வார்டன் மூஞ்சிக்கு நேரா நடந்து போனா. நல்லாருக்கே இந்த ஸ்டைல்னு அந்தம்மாவே சொல்லிச்சாம். அன்னிலேர்ந்து அவள நான் கொண்டைக்காரின்னுதான் கூப்புடுறது.

கடையில ஒரே ஒரு சட்டம்தான் வச்சிருக்கேன். ஒரு துணிய ஆரம்பிச்சவளே முடிக்கணும். பின்னல்னா ஆளுக்கு ஆளு இறுக்கம் மாறும். ஒருத்தி நூல இழுத்துப் புடிச்சுப் பின்னுவா, ஒருத்தி தளர விட்டுப் பின்னுவா. அதே நூலு, அதே ஊசி, கண்ணியும் அதே கணக்குதான். ஆனா முடிச்சுப் பாத்தா ஒண்ணு சின்னதா இருக்கும், ஒண்ணு பெருசா இருக்கும். இத நான் தொண்டத்தண்ணி வத்தச் சொன்னாலும் இவளுங்க மண்டையில ஏறாது. கம்பெனி லைன்ல ஒருத்தி ஸ்க்ரூ போடுவா, அடுத்தவ ஒட்டுவா, அதுக்கு அடுத்தவ தொடச்சுத் தள்ளுவா. பெஞ்சுல உக்காந்தாலும் அதே பழக்கம், நாலு வரி பின்னிட்டுப் பக்கத்துல இருக்கிறவ மடியில தள்ளிடுவாளுங்க. "இது லைன் இல்லடி, கடை"ன்னு எத்தினி தடவ கத்தியிருப்பேன்.

இவளுங்களோட அதே லைன்ல நின்ன ஒரு கோவில்பட்டிப் பொண்ணு இருந்தா. சத்தமே வராது அவகிட்டேர்ந்து. நூல் கலர் கேட்டாக் கூட வெரல நீட்டித்தான் காட்டுவா. அப்படிப்பட்டவ கம்பெனியில சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுற பையன லவ் பண்ணிக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. பையன் மண்ணூர் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம், நல்ல பையன்தான். ஆனா இவ வூட்டுல தலைமுழுகிட்டாங்க. வயித்துல புள்ள வந்தப்பவும் யாரும் வரல, வளைகாப்புக்கும் வரல, பொறந்தது பொம்பளப் புள்ளன்னு சொல்லி அனுப்பியும் போன எடுக்கல.  பெத்தவங்களா அவங்கன்னு இன்னிக்கும் கேப்பேன்.

புள்ளைக்குத் தலை நின்னதும் ஒரு நாள் மாமியாரும் மருமவளும் கடைக்கு வந்தாங்க. மாமியாரு ஆளு கெத்தா இருப்பாங்க, குரலும் அப்படித்தான். "வெள்ளையில கொழந்த செட்டு இன்னா கீது? ஸ்வெட்டர், தொப்பி, எல்லாம் ரெடியா இருக்கிறதக் குடு"ன்னாங்க. இன்னா விசேஷம்னு கேட்டேன்.

"ஞானஸ்நானம். எங்க வூட்டுப் பழக்கம், தண்ணி ஊத்துனதும் போடுற வெள்ள உடுப்பு தாய்வூட்டுலேந்து வரணும். கொண்டாந்தவங்க கையாலயே போடணும். இவளுக்கு யாரு கீறாங்க? நானே வாங்கி, நானே தட்டுல வச்சி, அவுங்க வூட்லேந்து குடுத்தனுப்புனாங்கன்னு சொல்லிக்க வேண்டியதுதான். இல்லாங்காட்டி அனாதப் பொண்ணக் கட்டிக்கினு வந்துட்டான்னு நாலு பேரு பேசுவாங்க."

கெட்ட எண்ணத்துல சொல்லல அந்தம்மா. அவங்க கவலை அவங்களுக்கு. ஆனா பக்கத்துல புள்ளையத் தோள்ல போட்டுக்கினு நின்னவ மூஞ்சியப் பாத்தேன். எதையும் காட்டிக்காம இருக்கிறதுக்காக நூல் ரேக்க மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒண்ணு ஒண்ணாப் பாத்துக்கினு இருந்தா. எனக்குக் கோவம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு.

"செட்டு இல்லம்மா"ன்னேன்.

"அதோ தொங்குதே, கண்ணாடிக்குள்ள."

"அது விக்கிறதுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு மாட்டி வச்சிக்கினு கீற?"

"என் கடை, மாட்டுவேன்." அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்துனா நான் ஏன் நானா இருக்கேன். "இவளுக்குத் தாய்வூடு இல்லன்னு யாரு சொன்னது? இருக்குது. ஞானஸ்நானத்தன்னிக்குத் தட்டோட வரும். நீங்க கோயில் வாசல்ல நின்னு வாங்கிக்குங்க."

அந்தம்மா என்ன ஏற எறங்கப் பாத்தாங்க. "வரும்னு சொல்லிட்டு வராமப் போனா அசிங்கம் எனக்கு இல்ல, இவளுக்குத்தான். எங்க சொந்தம் மொத்தமும் அங்க நிக்கும். தெரிஞ்சுதான் பேசுறியா?"ன்னு கேட்டுட்டு வெளிய போயிட்டாங்க. அந்தப் பொண்ணு போறப்போ திரும்பி ஒரு பார்வை பாத்தா. நெசமாவாக்கான்னு கேக்குற பார்வை. ஆமாடின்னு தலையாட்டிட்டேன். என் வூட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுறவரு, கேட்டுட்டு, "உன் வாய்க்கு ப்ரேக்கே கெடையாதா?"ன்னாரு. பஸ்ஸுக்கு இருந்தா போதும், நீ சாப்புடுன்னேன்.

அடுத்து லீவுல வந்த கொண்டைக்காரிகிட்ட சொன்னேன். நானே ஒரே மூச்சுல பின்னி முடிச்சிடுறேன், நீங்க கூட வந்து நின்னாப் போதும்னேன். அவ ஊசிய எடுத்துக் கீழ வச்சா.

"நீங்க பின்னுனா அது கடை ஸ்வெட்டருக்கா. எங்க லைன்ல நின்ன பிள்ள அவ. நாங்கதான் பின்னுவோம்."

"எப்படிப் பின்னுவ? எல்லாருக்கும் வேற வேற ஷிஃப்ட்டு, வேற வேற நாள் லீவு. ஒருத்தி முழுசா முடிக்க உங்க யாருக்குடி நேரம் இருக்கு?"

"எதுக்கு ஒருத்தி? பிரிச்சுக்கிடுதோம். முதுகும் முன்பக்கமும் நான். வலது கை ஒருத்தி, இடது கை ஒருத்தி. தச்சுச் சேக்கது மட்டும் நீங்க."

என் சட்டத்த என் மூஞ்சியிலயே தூக்கிப் போட்டா. கத்தினேன், திட்டினேன், இறுக்கம் மாறும்டின்னு பாடம் எடுத்தேன். ம், ம்னு கேட்டுக்கிட்டே நூலப் பிரிச்சு மூணு பந்தா சுத்தி எடுத்துக்கினு போயிட்டா. வலது கை போனது இறுக்கக்காரிகிட்ட. அவ பின்னுனா பலகை மாதிரி இருக்கும், ஊசி உள்ள நுழையாது. இடது கை போனது தூங்குமூஞ்சிகிட்ட. நைட் ஷிஃப்ட்லயே கெடக்குறவ, காலையில பஸ்ஸுல திரும்பி வர்றப்போ கண்ணு சொருக சொருகப் பின்னுறவ. தூக்கத்துல வெரலு தளந்து போவும். இத விட மோசமா ஜோடி சேக்க முடியாது. எனக்கு மிச்சம் வச்சது தொப்பிதான்.

ஞானஸ்நானத்துக்கு மொத நாள், சனிக்கிழமை மத்தியானம் கொண்டைக்காரியும் இறுக்கக்காரியும் எல்லாத் துண்டையும் கொண்டாந்து மேசையில பரப்புனாங்க. முதுகு நல்லா வந்திருந்தது, முன்பக்கமும் பரவால்ல. ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். இடது கை வலது கைய விட ஒரு வெரக்கடை நீளம். அகலமும் தொளதொளன்னு.

"லைன்னா க்யூ.சி. செக்கிங்ல பாஸ் ஆகாதுக்கா"ன்னு இறுக்கக்காரி மெல்லமா சொன்னா. எனக்கு வந்துச்சே கோவம். படிச்சுப் படிச்சு சொன்னேனேடி, நாளைக்கு அந்தப் பொண்ணு அத்தினி பேருக்கு நடுவுல நிக்கப் போறா, இவ வூட்டு லட்சணம் இதுதானான்னு அவ நாத்தனாருங்க வாயப் பொத்திக்கினு சிரிக்கப் போறாங்கன்னு கடை அதிரக் கத்தினேன். கத்திக்கினே இடது கையோட நூல் முனையத் தேடினேன். பிரிச்சுட்டா பொழுது சாயுறதுக்குள்ள நானே புதுசா பின்னிடுவேன்.

கொண்டைக்காரி வந்து அந்தத் துண்ட என் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டா. புடுங்கல, வாங்கிக்கிட்டா.

"அத மட்டும் பிரிக்காதீங்கக்கா. இதப் பின்னுனவளுக்கு நாளைக்கு ஓவர்டைம், ஓ.டி. போட்டுட்டாங்க. கேட்டுப் பாத்தா, அழுதும் பாத்தா, விட மாட்டேன்னுட்டாங்க. அவளால வர முடியாது. இதாவது போகட்டும்."

   ஊசியில நூலக் கோத்து, முணுமுணுன்னு திட்டிக்கினே தச்சுச் சேத்தேன். இடது கை ஓரத்த உள்பக்கமா மடிச்சு, வெளிய தெரியாம நாலு தையல் போட்டேன். இப்போ பாத்தா ரெண்டும் ஒரே அளவு. இதுக்கு மேல எவனாவது ஸ்கேல் எடுத்துக்கினு வந்தா பாத்துக்கலாம்னு இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்துலேர்ந்து பனிக்காத்து சில்லுன்னு அடிச்சது. ஸ்வெட்டர் யாரு போடுவான்னு கேட்டவங்க எல்லாம் அன்னிக்கு மப்ளர் கட்டிக்கினு திரிஞ்சாங்க. தட்டுல ஸ்வெட்டரு, தொப்பி, பழம், மெழுகுவத்தி. பூ மட்டும் வல்லக்கோட்டை முருகனுக்கு நான் எப்பவும் வாங்குற பூக்காரம்மாகிட்டயே வாங்கினேன். அது முருகனுக்கும் போவும், மாதா கோயிலுக்கும் போவும். ஷேர் ஆட்டோவுலேர்ந்து மூணு பேரும் எறங்குனோம். தட்ட கொண்டைக்காரி புடிச்சிருந்தா. நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். கேட்டா, பொண்ணோட பெரிம்மான்னு சொல்லணும்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன்.

கோயில் வாசல்ல அவ நின்னுக்கினு இருந்தா. புள்ளையக் கையில வச்சுக்கினு, எத்தினி நேரமா ரோட்டையே பாத்துக்கினு நின்னாளோ. எங்களப் பாத்ததும் ரெண்டு எட்டு முன்னாடி வந்தா. பின்னாடி யாராவது வர்றாங்களான்னு எட்டிப் பாத்துட்டு, தூங்குமூஞ்சி எங்கன்னு கேட்டா. ஓ.டி.ன்னு இறுக்கக்காரி சொன்னா. "இந்த எடது கை அவ பின்னுனது. கொஞ்சம் நீளமாயிட்டு, அக்கா மடிச்சுத் தச்சிருக்காங்க, ஒண்ணும் தெரியாது." அவ அந்த மடிப்ப வெரலால தடவிப் பாத்தா.  எப்பவும் போல ஒண்ணும் சொல்லலன்னு நான் நெனச்சேன்.

உள்ள அவங்க சொந்தம் மொத்தமும் உக்காந்திருந்தது. மாமியாரு எங்களப் பாத்தாங்க, வாங்கன்னாங்க, அவ்ளோதான். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லித் தலையில தண்ணி ஊத்துனாரு. புள்ள வீல்னு கத்துச்சு. வெள்ளை உடுப்பு உடுத்துங்கன்னாரு. கொண்டைக்காரியும் இறுக்கக்காரியும் முன்னாடி போனாங்க. லைன்ல எத்தினியோ சின்னச் சின்ன சாமானப் பதமாக் கையாளுறவளுங்க, அதே பதத்தோட புள்ளைக்கு ஸ்வெட்டர மாட்டுனாங்க. வலது கை, இடது கை, பட்டன். நல்லாதான் இருந்தது. 

அந்த நேரத்துல பெத்தவ குனிஞ்சா. புள்ளையோட இடது கையத் தூக்கி, நான் போட்ட தையல பல்லால கடிச்சு அறுத்தா. மடிப்பு அவுந்து கை நீண்டு விழுந்தது, புள்ளையோட வெரலு உள்ள காணாமப் போச்சு. அடிப்பாவி, கெடுத்தியேன்னு எனக்குத் தொண்ட வரைக்கும் வந்துடுச்சு. நாத்தனாரு ஒருத்தி பக்கத்துல இருந்தவள இடிச்சா. யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

மாமியாரு எழுந்து வந்தாங்க. "இன்னாடி இது, ஒரு கை நீளமா கீது? உங்க ஆளுங்களுக்குப் பின்னத் தெரியாதா?"

அவ நிமிந்தா. கல்யாணம் ஆயி இத்தினி நாள்ல அந்த வூட்டுல அவ குரல் எத்தினி பேரு கேட்டிருப்பாங்களோ தெரியாது. அன்னிக்குக் கோயில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு.

"தெரியும் அத்தை. மூணு பேரு பின்னுனது. இந்தக் கை பின்னுனவ இப்ப லைன்ல நிக்கா, விடல அவள. அவ பின்னுனத மறைச்சு வைக்க எனக்கு இஷ்டமில்ல. எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே நாளு லீவு கெடைக்காது."

 மாமியாரு புள்ளையோட வலது கையத் தொட்டாங்க, அப்புறம் இடது கையத் தொட்டாங்க. தொங்குன நுனிய ரெண்டு மடிப்பா சுருட்டி விட்டாங்க. வெரலு அஞ்சும் வெளிய வந்தது. சிரிச்ச பக்கம் திரும்பி ஒரு மொறை மொறைச்சாங்க. அப்புறம் தன் மவனத் தேடிக் கூப்புட்டாங்க.

"டேய், பிரியாணி எறக்குனதும் மொதல்ல ஒரு பொட்டலம் தனியாக் கட்டு. கம்பெனி கேட்டுக்கு நீயே கொண்டு போய்க் குடுத்துட்டு வா. வேற யார் கையிலயும் குடுத்தனுப்பாத. அவ உனக்கு மச்சினிச்சிடா."